புரட்டாசிப் பூந்தோட்டம்

திண்டிவனத்துக்கு அருகே, சூரபதுமன் மயிலுருக் கொண்டு மலையாகச் சமைந்தான் என்று தலபுராணம் கூறும் மயிலத்தில், பொம்மபுர ஆதீனத்தின் பரிபாலனத்தில் விளங்கும் முருகப்பெருமானுக்கு, எத்தனை வகைப் புஷ்பங்கள் வந்து குவிந்தாலும், வேலியோரம் வளரும் நொச்சியின் தழையையும் மாலையாகக் கட்டிச் சாத்துவது நெடுநாளைய மரபு. தழைக்கும் இத்தனை கௌரவம் தரும் ஊரில் புரட்டாசி மாதத் தோட்டத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமே.

குளிர்நாட்டாருக்கு இப்பருவம் தோட்டத்தை ஒடுக்கும் வேளை; முதல் உறைபனியில் செடி கருகியதும் டேலியாக் கிழங்குகளைத் தோண்டியெடுத்துப் பத்திரப்படுத்துவார்கள். நமக்கோ, வெயிலின் உக்கிரம் தணிந்து, தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தரும் வடகிழக்குப் பருவமழையை அக்டோபர் 20-ஐ ஒட்டி எதிர்நோக்கும் இந்தச் சரத்கால ஆரம்பமே தோட்டம் புத்துயிர் பெறும் காலம்.

சாமந்தியைப் பாருங்கள். இரவு நீள நீளத்தான் அது மொட்டு வைக்கும். நம் பக்கத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவே. நாம் கவனிக்காமலே விட்டுவிடும் அந்தச் சிறு மாறுதலை ஒரு செடி கணக்கிட்டுக்கொண்டு பூக்கிறது என்பது, எத்தனை முறை நினைத்தாலும் என்னை வியக்க வைக்கும் விஷயம். கனகாம்பரத்தின் போக்கு வேறு. முற்றிக் காய்ந்த அதன் காய்மீது முதல் தூறல் பட்டதும் ‘படக்’கென்று வெடித்து விதைகள் தெறித்து விழும், நிலம் நனைந்த பின்னரே வித்து மண்ணைச் சேர வேண்டுமென்ற ஏற்பாடு அது. ஆயினும் வேரடியில் நீர் தேங்கினால் செடி அழுகிவிடுமாதலால், அடைமழைக்கு முன்பே பாத்திகளுக்கு வடிகால் வெட்டிவிட வேண்டும். குண்டுமல்லிக்கு இது ஓய்வுக்காலம். நவம்பர் கடைசியில் கவாத்து செய்தால் மாசி, பங்குனியில் மீண்டும் பூக்கும்.

இந்தப் பருவத்துக்கே உரிய புஷ்பமென்று பவழமல்லியைத்தான் சொல்வேன். இரவில் மலர்ந்து, வெண்ணிற இதழும் பவழக் காம்புமாக விடியலில் மரத்தடியெங்கும் உதிர்ந்து கிடக்கும் அதற்கு, தரையில் விழுந்த பூ பூஜைக்கு ஆகாதென்ற நியமத்திலிருந்து நம் முன்னோர் விலக்கு அளித்திருக்கிறார்கள். கொலுவுக்கும் ஆயுத பூஜைக்கும் கடைப் பூவையே நம்பியிருக்கும் இல்லத்தார், கொல்லையில் நாலடி மண் இருந்தாலும் போதும், இந்த ஐப்பசி மழையில் ஒரு பவழமல்லிக் கன்றை நட்டு வையுங்கள்.