இரண்டு ஏஸ் வந்தால் வெற்றியா?

இணையத்தில் சிறு தொகைக்கு ஆடும் போக்கரில் கைக்கு 2 சீட்டுகள். மேசையில் 5 பொதுச் சீட்டுகள். கையில் இரண்டும் ஏஸாக அமைய 221-ல் ஒரு வாய்ப்பே. இதைவிட வலுவான தொடக்கம் கிடையாது. ஆயினும் ஆபத்து உண்டு. எப்படி?

எதிராளியிடம் இரண்டு ஐந்துகள் இருப்பதாகக் கொள்வோம். முதல் 3 பொதுச் சீட்டுகளில் இன்னொரு ஐந்து வர 100-க்கு சுமார் 12 வாய்ப்பு. அதற்காக அவர் முறைக்கு 5 காசு கட்டினால், வராத 88 முறைகளில் 440 காசு போகும். இருவரிடமும் 25 காசே இருந்தால், 12 முறையும் வென்றாலும் 300தான், நட்டம். 500 இருந்தாலோ 6,000 வரை கிடைக்கலாம்! ஆகவே, குவியல் பெருகப் பெருக ஏஸ்காரர் நிதானிக்க வேண்டும்.

சோதித்துப் பாருங்கள்: இரண்டு ஐந்துகளை ஒதுக்கி, மீதி 50 சீட்டுகளைக் கலைத்து மூன்றை எடுங்கள். 100 முறை செய்து எண்ணுங்கள். காசுக்குப் பதில் புளியங்கொட்டை போதும்!