காரின் மூட்டுகள்

மனித உடலில் எலும்பும் எலும்பும் நேரே உராய்ந்து தேயாதபடி, மூட்டுகளில் குருத்தெலும்பு அமைந்திருக்கிறது. அது கெட்டால் நடை தடுமாறும். மோட்டார் காருக்கும் இத்தகைய மூட்டுகள் உண்டு. முன் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் இரும்புக் கைகள், வண்டியின் சட்டத்தோடு சேரும் இடங்களில் உருளை வடிவான சிறு ரப்பர்த் துண்டுகள் பொருந்தியிருக்கும். பட்டறைகளில் இவற்றைப் 'புஷ்' என்பர். உள்ளங்கையில் அடங்கும் இச்சிறு பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறை யாது? அதையே மாணவ நண்பர்களுக்கு இன்று சொல்லப் புகுகின்றேன். நான் செய்த பிழைகளிலிருந்தே தொடங்குவது பொருந்தும்.

எங்கள் வீட்டில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று இருந்தது. 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரயம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் அது. 1960-களில் சென்னையிலே உருவாக்கப்பட்டது. அதன் மேனியழகை வகுத்தவர் ஜியோவன்னி மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். என் தந்தையார் போற்றி வைத்திருந்த அவ்வண்டியில், பிற்காலத்தில் நான் சில மாறுதல்கள் செய்தேன். முன் சக்கரங்களின் டிரம் பிரேக்கை அகற்றி டிஸ்க் பிரேக்கும், அகன்ற ரேடியல் டயர்களும் பொருத்தினேன். பழைய புஷ்களை மட்டும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஒரு மழைநாள் மாலை. அருகில் தந்தையார் அமர்ந்திருந்தார். எதிரே எருமை ஒன்று குறுக்கிட, பிரேக்கை அழுத்தினேன். வண்டி நேரே நிற்கவில்லை. இடப்புறமாக வெட்டிப் பாய்ந்து, சைக்கிளில் காலூன்றி நின்ற ஒரு பள்ளிச் சிறுவனுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றது. தந்தையார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இறங்கி, வீட்டுக்கு நடந்தே போய்விட்டார்.

மறுநாள் மேஸ்திரி கடப்பாரை ஒன்றைக் கீழ்க் கைக்கும் சட்டத்துக்கும் இடையே கொடுத்து நெம்பிக் காட்டினார். கை முன்னும் பின்னும் ஆடியது. ஒரு பக்கத்துப் புஷ் எண்ணெயில் ஊறிக் களிபோல் ஆகியிருந்தது. "பிரேக்கைப் புதிதாகப் போட்டீர்கள், தம்பி, அதன் இழுப்பைத் தாங்கும் மூட்டைப் பார்க்கவில்லையே!" என்றார் அவர்.

அவர் சொன்னதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 800 கிலோகிராம் எடையுள்ள கார், விநாடிக்கு விநாடி 5 மீட்டர் வீதம் வேகம் குறைவதாகக் கொள்வோம். அதற்கு வேண்டிய விசை 4,000 நியூட்டன். அதில் நூற்றுக்கு எழுபது பங்கை முன் சக்கரங்கள் ஏற்றால், ஒவ்வொன்றுக்கும் 1,400 நியூட்டன் ஆகும். சக்கரத்தைத் தாங்கும் கீழ் மூட்டு தரையிலிருந்து 20 சென்டிமீட்டரிலும், மேல் மூட்டு 40 சென்டிமீட்டரிலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நெம்புகோல் விதிப்படி, கீழ்க் கை 2,800 நியூட்டன் விசையோடு பின்னோக்கி இழுபடும். மேல் கை 1,400 நியூட்டன் விசையோடு முன்னோக்கித் தள்ளப்படும். தரையில் உண்டாவதைப்போல் இருமடங்கு விசை கீழ்க் கையின் புஷ்களைச் சேருகிறது! ஒரு பக்கத்துப் புஷ் உறுதியாகவும் மறுபக்கத்தது தளர்ந்தும் இருந்தால், இரு சக்கரங்களும் வெவ்வேறு திசையை நோக்கும். வண்டி ஒருபுறம் இழுத்துச் செல்வதன் காரணம் இதுவே. பிடிப்பு மிகுந்த டயரும் வலுவான பிரேக்கும் இக்குறையைப் பெரிதாக்கிக் காட்டின.

இனி, புஷ்ஷுக்கு ஆகும் பொருள்கள் எவை? முதலாவது ரப்பர். 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்ட வல்கனைஸ் முறையால் பதப்பட்ட ரப்பர், அதிர்ச்சியை விழுங்குவதில் சிறந்தது. ஆயின் எண்ணெயும் வெப்பமும் காலமும் அதன் பகைவர்கள். இரண்டாவது, 1937-இல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் குழுவினர் உருவாக்கிய பாலியூரித்தேன். இது ரப்பரைவிடக் கடினமாக வார்க்கப்படுவது, எண்ணெயைத் தாங்கும், கையை இடம் பெயராமல் பிடிக்கும். ஆனால் சாலையின் அதிர்வை அதிகமாக உள்ளே அனுப்பும். உரிய மசகு இல்லையேல் கிறீச்சிடும். மூன்றாவது, உலோகக் கோள மூட்டு. இது சிறிதும் நெகிழாது. பந்தய வண்டிக்கு ஏற்றது. தூசியும் குழியும் நிறைந்த சாலையிலோ விரைவில் தேய்ந்து கலகலக்கும்.

பயந்தவன் மிகையாகச் செய்வான். நானும் கிடைத்தவற்றுள் மிகக் கடினமான பாலியூரித்தேனை எல்லா இடங்களிலும் போட்டேன். வண்டி நேரே நின்றது. ஆனால் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் பேசியது. சில மாதங்களில், கையைத் தாங்கும் பழைய சட்டத்துத் தகட்டில் மயிரிழை போன்ற விரிசல் தென்பட்டது. புஷ் விழுங்க வேண்டிய அதிர்ச்சியை வயதான இரும்பு விழுங்க நேர்ந்தது என்று அப்போது உணர்ந்தேன்.

தகட்டைச் சீர்செய்தபின் எங்கே எவ்விசை மிகுகிறது என்று பார்த்துத் தேர்ந்தேன். பிரேக்கின் இழுப்பை மிகுதியாக ஏற்கும் கீழ்க் கைகளுக்கு நடுத்தரக் கடினமுள்ள பாலியூரித்தேன். மேல் கைகளுக்குப் புதிய ரப்பர். எதையும் இருபக்கமும் ஒருசேர மாற்றுவதே முறை.

பொருத்துவதிலும் ஒரு நுட்பம் உண்டு. உட்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டிய ரப்பர்ப் புஷ் சுழல்வதில்லை. முறுக்கிக்கொண்டே அசைவுக்கு இடங்கொடுக்கிறது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்குண்டே இருந்து விரைவில் கிழியும். ஆகவே வண்டியின் எடை சக்கரங்களின்மேல் நின்ற பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். பாலியூரித்தேனோ உட்குழாயின்மேல் தடையின்றிச் சுழல வேண்டும். வேலை முடிந்ததும் சக்கரக் கோணங்களை அளந்து சரிசெய்தல் இன்றியமையாதது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் ஒருபோதும் செல்லாதீர்கள். உறுதியான தாங்கிகள் வேண்டும்.

எல்லாம் முடிந்தபின், ஆளரவமற்ற சாலையில் பலமுறை பிரேக்கிட்டுப் பார்த்தேன். வண்டி கோடு கிழித்தாற்போல் நேரே நின்றது. அதன் பிறகே தந்தையாரை அழைத்தேன். அவர் குனிந்து சக்கரங்களை ஒருமுறை பார்த்தார். ஏறி அமர்ந்து, "இனிப் போகலாம்" என்றார். நான் பெற்ற சான்றிதழ்களுள் அதுவே பெரிது.