மார்கழி வந்தால் வீட்டுக்குள் என்னவெல்லாம் நடக்கிறது, தெரியுமா?

போர்வையை மூக்கு வரை இழுத்து மூடிக்கொண்டு, "இன்னும் அஞ்சு நிமிஷம்மா!" என்று கெஞ்சுகிறோமே, அந்த ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி வருடத்திலேயே சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது, தெரியுமா? ஜனவரியில் சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். ஜூலையில் 15 கோடியே 21 லட்சம். ஐம்பது லட்சம் கிலோமீட்டர் நெருங்கி வந்த நேரம் பார்த்து நமக்குப் பல் தந்தியடிக்கிறது! குளிருக்குக் காரணம் தூரமல்ல, சாய்வு. பூமி 23.4 டிகிரி சாய்ந்தபடியே சுற்றுகிறது. டிசம்பரில் நம்முடைய வடபாதி சூரியனைவிட்டு விலகிச் சாய்ந்திருப்பதால் வெயில் சரிவாக விழுகிறது, பகல் குறைகிறது, இரவு நீள்கிறது. அந்த நீண்ட இரவுதான் நம் அடுப்படியிலும் வாசலிலும் மொட்டை மாடியிலும் புகுந்து எத்தனை வேலை செய்கிறது என்று பார்த்தால் மலைத்துப்போவீர்கள்.

சூரியனை நெருங்கும்போது பூமியின் ஓட்டமும் வேகம் பிடிக்கிறது. அதனால்தான் நம் பஞ்சாங்கத்தில் மார்கழி குட்டி மாதம்! 29 நாள், சில வருடம் 30. தொலைவில் மெல்ல நகரும் ஆனிக்கு 31 அல்லது 32 நாள். காலண்டரில் தாள் கிழிக்கும் குழந்தைகளிடம் இதைச் சொல்லுங்கள். தொலைநோக்கி இல்லாமலே, பூமியின் பாதை வட்டமல்ல, நீள்வட்டம் என்பதைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் எண்ணிப் பார்த்துவிடலாம்!

இன்னொன்று. சித்திரை வெயிலில் எட்டிக்கூடப் பார்க்காத சூரியன், மார்கழியில் தெற்கு ஜன்னல் வழியாகக் கூடத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்வதைக் கவனித்திருக்கிறீர்களா? சென்னையில் டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தெற்கு வானத்தில் சுமார் 54 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஜூன் மாதத்திலோ உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடும், தெற்கு ஜன்னலுக்கு நண்பகல் வெயிலே கிடையாது! சுட்டெரிக்கும் காலத்தில் ஒதுங்கிப்போய், இதமாக வேண்டிய காலத்தில் வீட்டுக்குள் வருகிறது. பாட்டி காலை நீட்டி அரிசியில் கல் பொறுக்குவது அந்த வெளிச்சக் கட்டத்துக்குள்தான். பூனை சுருண்டு படுப்பதும் அதற்குள்தான். கட்டம் நகர நகர இரண்டு பேரும் நகர்வார்கள். இதைவிடச் சுகமான ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்து வேறில்லை.

தேங்காய் எண்ணெய் பாட்டில் ஒரு வெப்பமானி என்பது தெரியுமா? சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைய ஆரம்பிக்கும். சென்னையில் ஜனவரி அதிகாலை 20, 21 டிகிரி வரை இறங்குகிறது. ஆக, பாட்டிலைக் கவிழ்த்தும் எண்ணெய் வரவில்லை என்றால் ராத்திரி குளிர் எந்தக் கோட்டைத் தாண்டியது என்று அலமாரியே சொல்லிவிடுகிறது! பள்ளிக்கூட அவசரத்தில் ஒரு பின்னலோடு நிற்கும் பெண், வாணலி ஓரம் பாட்டிலைச் சாய்த்து வைக்கும் அம்மா, வெயிலில் வைத்துவிட்டு மறந்துபோகும் அப்பா... எந்த வீட்டில் இல்லை இது? ஒரு விஷயத்தை மட்டும் திருத்திக்கொள்வோம். உறைந்தால் அது சுத்தமான எண்ணெய் என்று அடித்துச் சொல்கிறார்கள். எண்ணெய்ப்பனையின் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெயும் ஏறக்குறைய இதே வெப்பத்தில் உறையும். உறைவது குளிருக்கு அடையாளம், கலப்படம் இல்லை என்பதற்கு அத்தாட்சி அல்ல.

மாவு பொங்கவில்லை, தயிர் உறையவில்லை என்ற புலம்பலும் மார்கழிக்கே உரியது. இட்லி மாவைப் பொங்கவைப்பவை பாக்டீரியாக்கள். அதில் முக்கியமானதற்கு லியூக்கோனோஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்று பெயர். உளுந்தோடும் அரிசியோடும் தானாகவே வந்து சேருகிற உயிர் அது, கடையில் வாங்குவதில்லை! குளிரில் அதன் வேலை மந்தமாகிவிடும். சித்திரையில் ஒரு ராத்திரிக்குள் பாத்திரத்தை விட்டு வழிகிற மாவு, மார்கழியில் விடிந்த பிறகும் அசையாமல் கிடக்கும். அதற்கு நம் வீடுகளில் எத்தனை வைத்தியம்! வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைப்பது, கையாலேயே கரைப்பது, அணைத்த அடுப்பின் பக்கத்தில் வைப்பது. தயிர்ப் பாத்திரத்தைத் துண்டு சுற்றி அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கிறார்களே, அரிசி சூட்டை வெளியே விடாது. உறை ஊற்ற மோர் இல்லாதபோது காம்போடு பச்சை மிளகாயைப் பாலில் போடுவதும் வெறும் நம்பிக்கையல்ல. பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியா அந்தக் காம்பில் ஒட்டிக்கொண்டு வருகிறது!

இப்போது காதுக்கு வாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆச்சரியம் இது. அடுத்த ஊர்க் கோயிலின் திருப்பாவை, பகலில் காதில் விழாத ரயில், மூன்று தெரு தள்ளிப் பால்காரரின் சைக்கிள் மணி. மார்கழி விடியலில் எல்லாம் தலைமாட்டில் கேட்கிறதே, ஏன்? ஊர் அடங்கிக் கிடப்பது ஒரு காரணம். அது மட்டுமல்ல! மேகமில்லாத நீண்ட இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு இழந்து குளிர்ந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்றும் கூடவே குளிர்கிறது. மேலே இருக்கும் காற்றோ அதைவிடச் சூடாக இருக்கிறது. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகும், டிகிரிக்கு நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வீதம் குறையும். மேலே வேகம், கீழே மந்தம் என்றானதும் மேல்நோக்கிப் போகவேண்டிய ஒலி வளைந்து தரைக்கே திரும்பி வருகிறது. பகலில் இதற்கு நேர்மாறு, ஒலி மேலே வளைந்து போய்விடும். அதனால் அந்த ஒலிபெருக்கியின் ஒலியை யாரும் கூட்டவில்லை. வானமே கூரை போட்டு உங்கள் படுக்கைக்கு அனுப்பி வைக்கிறது! அதே கூரைதான் புகையையும் மேலே போகவிடாமல் அமுக்குகிறது. போகியன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரித்தால் கண் எரிச்சல் மதியம் வரை தீராததற்கும், சென்னையில் விமானங்கள் தாமதமாவதற்கும் காரணம் அதுதான். தயவுசெய்து பழைய பாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மார்கழி விடியலில் ஓசோன் தரையிறங்குகிறது, அதனால்தான் வாசலில் கோலம் போடச் சொன்னார்கள் என்று வருடா வருடம் வாட்ஸப்பில் வருகிறதே, அது உண்மையில்லை. தரைமட்டத்தில் ஓசோன் உருவாக வெயில் வேண்டும். பிற்பகலில் ஏறும், விடியலில்தான் மிகக் குறைவு. தவிர, அதைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு. கோலத்துக்கு இந்தப் பொய்ச் சான்றிதழ் எதற்கு? அதன் உண்மையான பெருமையைக் கேளுங்கள்! சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இல் கோலத்தையும் கணினி இலக்கணத்தையும் இணைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சிறிய கோலத்திலிருந்து பெரிய கோலம் எந்த விதிப்படி வளர்கிறது என்பதைக் கணினிக்குப் புரிகிற விதிகளாக எழுதிக் காட்டினார்கள். புள்ளி வைத்து, கையைத் தூக்காமல் கம்பியிழுத்து, தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடிக்கும் உங்கள் சித்தி ஒரு கணக்குப் புதிருக்கு விடை எழுதிவிட்டுத்தான் காபி போட உள்ளே போகிறார்!

கோலத்து நடுவில் சாணி உருண்டையில் நிற்கும் பூசணிப் பூ இருக்கிறதே, அதன் ஆயுள் ஒரே ஒரு காலைப்பொழுது. விடியும் முன்னே விரியும், நண்பகலுக்குள் வாடிச் சுருங்கிவிடும். ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் தெரியும். ஆண் பூ வெறும் காம்போடு நிற்கும், எண்ணிக்கையிலும் அதுவே அதிகம். காம்பைத் தடவிப் பார்த்து ஆண் பூவாகப் பறித்தால் வாசலும் நிறையும், கூட்டுக்குக் காயும் குறையாது. வாடிய பூவோடு வறட்டியாகத் தட்டிச் சேர்த்துவைத்து, தை மாதம் சிறுவீட்டுப் பொங்கல் முடிந்ததும் ஆற்றில் கரைக்கிற வழக்கம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் உண்டு. சிறுமிகளுக்கென்றே ஒரு பொங்கல்!

வெண்பொங்கலில் மிளகு கடிபட்டால் உடம்பு சூடாகிற மாதிரி இருக்கிறதல்லவா? வாயில் வெப்பம் ஒரு புள்ளிகூட ஏறுவதில்லை. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் மூளைக்குச் செய்தி அனுப்புகிற ஒரு புரதம் நம் நரம்பு முனைகளில் இருக்கிறது. மிளகிலுள்ள பைப்பரின் அதே புரதத்தைத் திறந்துவிடுகிறது, உடம்பு சூடு பட்டதாகவே எடுத்துக்கொள்கிறது! மிளகாயின் காரத்தை வைத்து இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது, ஆர்டெம் பட்டபூட்டியனோடு பகிர்ந்து. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. மிளகோ மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்தக் கொடி. இன்றைக்கும் வெண்பொங்கலில் வழக்கமாக மிளகாய் சேர்ப்பதில்லை, பார்த்தீர்களா? சுக்கின் கதை இன்னும் சுவை. பச்சை இஞ்சியின் ஜிஞ்சரால் காயக் காய ஷோகாலாக மாறுகிறது. காரம் அதற்குத்தான் அதிகம். காய்ந்து சுருங்கிய சுக்கு பச்சை இஞ்சியைவிடச் சுள்ளென்று தொண்டையில் இறங்குவது அதனால்தான். பல வீடுகளில் சுக்குக் காபியில் காபித் தூளே கிடையாது. சுக்கு, மல்லி, கருப்பட்டி, அவ்வளவே.

பொங்கலன்று மொச்சைக் குழம்பு ஏன்? மொச்சை இரவை அளக்கிறது! நாட்டு மொச்சை ரகங்கள் இரவு நீண்டால்தான் பூக்கும். நம் பழைய சம்பா நெல் ரகங்கள் பலவும் அப்படித்தான், எப்போது விதைத்தாலும் பகல் குறுகும் காலம் பார்த்துக் கதிர் விட்டு, தைக்கு அறுவடையாகின்றன. சாமந்தியும் இதே சாதி. இந்தச் செடிகள் அளப்பது பகலையல்ல, தொடர்ந்து இருக்கும் இருட்டை. நடு ராத்திரியில் கொஞ்ச நேரம் விளக்குப் போட்டால் கணக்குத் தவறி, பூப்பதை நிறுத்திவைத்துவிடும். ஆக, பானையில் பொங்கும் புது அரிசி, குழம்பில் மொச்சை, சாமி படத்தில் சாமந்தி மாலை மூன்றையும் ஒரே நாளில் வீட்டுக்குக் கூட்டிவந்தது நீண்டுகொண்டே போன இரவின் இருட்டு.

திருவாதிரைக் களி கிண்டுகிற நாளில் குழந்தைகளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் கிழக்கே பார்த்தால் மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் இருக்கும். அவற்றுக்கு இடப்பக்கம் செக்கச் சிவந்து ஒன்று தெரியும். அதுதான் திருவாதிரை, வானியலாளர்கள் பெட்டல்ஜியூஸ் என்பது! நம் சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் பூமியையும் செவ்வாயையும் விழுங்கிவிடும். 2019 கடைசியில் தொடங்கி, சரியாக நம் மார்கழி, தை மாதங்களில் அது வெறும் கண்ணுக்கே தெரிகிற அளவு மங்கியது. வெடிக்கப்போகிறதோ என்று உலகமே அண்ணாந்து பார்த்தது. அது கக்கிய தூசு மேகம் மறைத்துக்கொண்டதாம். சில மாதங்களில் பழையபடி பிரகாசித்தது. திருவாதிரையன்று நிலாவும் பௌர்ணமியை ஒட்டி அந்த நட்சத்திரத்தின் பக்கத்திலேயே நிற்கும், நள்ளிரவில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு வரும். கையில் களி, ஏழுகறிக் கூட்டு, தலைக்கு மேல் அந்த நட்சத்திரம். வேறென்ன வேண்டும்?

இனிக் கிழங்குகள். சர்க்கரைவள்ளிக் கிழங்கை அடுப்புத் தணலில் மெல்லச் சுட்டால் வேகவைத்ததைவிட இனிப்பது ஏன் தெரியுமா? 60, 70 டிகிரிச் சூட்டில் அதிலுள்ள நொதி மாவைச் சர்க்கரையாக்கும். மெதுவாகச் சுட்டால் அதற்கு நேரம் கிடைக்கிறது.

கடைசியாகப் பனங்கிழங்கு. ஆடி, ஆவணியில் விழுந்த பனம்பழத்தின் கொட்டைகளை மணல் மேட்டில் பதித்துவைத்தால் முளை மேலே வராது, தரைக்குள் இறங்கும்! அங்கேதான் புதுச் செடி உருவாகிறது. மாவு சேர்ந்து பருத்த அந்த இளஞ்செடியைத்தான் மார்கழி, தையில் தோண்டி எடுத்து, மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, இரண்டாகப் பிளந்து நடுநரம்பை உருவிவிட்டு நார் நாராகக் கடிக்கிறோம். பிளந்த கொட்டைக்குள் பஞ்சு மாதிரி இனிக்கும் தவுனுக்கு (யாழ்ப்பாணத்தில் பூரான்) பிள்ளைகளின் சண்டை தனி. அதே கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அவிக்காமல் காயவைத்தால் ஒடியல். ஒடியல் மாவில்தான் யாழ்ப்பாணத்துக் கூழ் கொதிக்கிறது. பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. தோண்டாமல் விட்டிருந்தால் உங்கள் கையிலிருக்கும் கிழங்கு எதுவாக வளர்ந்திருக்கும் என்பது, பல வருடம் கழித்து முதல் பாளை வெளிவருகிற வரை அதை நட்டவருக்கே தெரிந்திருக்காது!