கடலோரம் இல்லாத மிசிசாகாவும் சூறாவளிப் பருவமும்

அட்லாண்டிக் பெருங்கடலின் சூறாவளிப் பருவம் ஆண்டுதோறும் ஜூன் முதல் தேதி தொடங்கி நவம்பர் 30-ஆம் தேதி முடிவடைகிறது. ஃபுளோரிடாவிலும் கரீபியன் தீவுகளிலும் மக்கள் ஜன்னல்களுக்குப் பலகை அடிக்கும் காட்சிகளை, கனடாவின் மிசிசாகா நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் தொலைக்காட்சியில் பார்க்கின்றன. அது தங்களுக்குத் தொடர்பில்லாத செய்தி என்றே அவர்களில் பலரும் எண்ணுகின்றனர். ஒண்டாரியோ ஏரிக்கரையில் அமைந்த இந்நகரிலிருந்து அட்லாண்டிக் கரை ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதால், அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை.

ஆனால் ஒண்டாரியோ மாகாணத்தின் பல பகுதிகளில் ஆற்றோரமாக ஒரு வீட்டைக் கட்ட அனுமதிக்கலாமா என்ற கேள்விக்கு, இன்றளவும் ஒரு சூறாவளியை அளவுகோலாகக் கொண்டே விடை காணப்படுகிறது. அதன் பெயர் ஹேசல்.

1954-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில் கரீபியன் கடலில் உருவான ஹேசல், ஹெய்ட்டியில் நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டது. அக்டோபர் 15-ஆம் தேதி காலை அமெரிக்காவின் வட, தென் கரோலைனா மாநிலங்களின் எல்லைப் பகுதியில் கரை கடந்தது. கரை கடக்கும் சூறாவளி நிலத்தின் மீது வலுவிழந்துவிடும் என்பது பொதுவான அனுபவம். வெதுவெதுப்பான கடல்நீரிலிருந்து கிடைக்கும் ஈரப்பதமும் வெப்பமுமே அதற்கு எரிபொருள். அது நின்றுபோனால் சுழற்சியும் தளர்ந்துவிடும். இடையே உள்ள மலைத்தொடர் அதன் வலுவைக் குறைக்கும் என்ற எதிர்பார்ப்பும் அன்று இருந்தது.

நடந்தது வேறு. வடக்கு நோக்கி மிக வேகமாக நகர்ந்த ஹேசல், மேற்கிலிருந்து வந்த குளிர்ந்த காற்றுத் திரளுடன் மோதியது. இத்தகைய மோதலில், வெப்பமண்டலச் சூறாவளி தன் இயல்பை மாற்றிக்கொள்கிறது. கடல் வெப்பத்துக்குப் பதிலாக, குளிர்ந்த காற்றுக்கும் வெப்பக் காற்றுக்கும் இடையிலான வேறுபாட்டிலிருந்து அது ஆற்றல் பெறத் தொடங்குகிறது. கூர்மையான கண் மறைந்துவிடும். ஆனால் மழைப்பரப்பு விரியும். வெப்பக்கடலிலிருந்து சுமந்து வந்த ஈரப்பதம் முழுவதும் குளிர்காற்றின் மேல் ஏறி, கனமழையாகக் கொட்டும். காலையில் கரோலைனாவில் கரையேறிய புயல் அன்றிரவே டொரொன்டோ பகுதியில் இருந்தது.

அதற்கு முந்தைய நாட்களில் பெய்த மழையால் நிலம் ஏற்கெனவே ஊறிப் போயிருந்தது. மேற்கொண்டு பெய்த நீரை உறிஞ்ச அதனால் இயலவில்லை. 48 மணி நேரத்தில் 285 மில்லிமீட்டர் மழை பெய்தது என்பதே இன்றும் பொறியாளர்கள் பயன்படுத்தும் கணக்கு. ஹம்பர் ஆறு பெருக்கெடுத்து, ரேமோர் டிரைவ் என்ற தெருவின் ஒரு பகுதியை வீடுகளோடு அடித்துச் சென்றது. அந்த ஒரு தெருவில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மீட்புப் பணிக்குச் சென்ற தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் ஐவரும் மாண்டனர். கனடாவில் மொத்த உயிரிழப்பு 81.

இன்றைய மிசிசாகாவின் கிழக்கு எல்லையை ஒட்டிய எட்டோபிகோ ஓடையின் முகத்துவாரத்திலும் எழுவர் இறந்தனர். அங்கே வண்டிவீடுகளிலும் கோடைக்காலக் குடில்களிலும் மக்கள் நிரந்தரமாகவே குடியிருந்தனர். பின்னர் அந்த இடத்தில் மீண்டும் வீடுகள் கட்ட அனுமதிக்கப்படவில்லை. 1959-இல் திறக்கப்பட்ட மேரி கர்ட்டிஸ் பூங்காவாக அது இருக்கிறது. கோடையில் அங்கே கூடும் குடும்பங்களில் எத்தனை பேருக்கு, அது ஏன் பூங்காவாக இருக்கிறது என்பது தெரியும் என்று சொல்ல முடியாது.

1954-இல் வானிலைச் செயற்கைக்கோள் எதுவும் கிடையாது. முதலாவது 1960-இல்தான் ஏவப்பட்டது. எனினும் டொரொன்டோ வானிலை அலுவலகத்துக்குப் புயலின் வருகை தெரிந்தே இருந்தது. அது சிறப்பு அறிக்கைகளையும் வெளியிட்டது. தகவல் இல்லாதது அல்ல, அந்தத் தகவல் மக்களுக்கு உணர்த்தியது எதுவுமில்லை என்பதே அன்றைய சிக்கல். ஹரிகேன் என்ற சொல்லைக் கேட்ட டொரொன்டோவாசி காற்றை நினைத்தானே தவிர, தன் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையை நினைக்கவில்லை.

இன்று கண்காணிப்பு வேறு நிலையில் உள்ளது. மயாமியில் உள்ள அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம், செயற்கைக்கோள் படங்களையும், புயலுக்குள்ளேயே பறந்து அளவிடும் விமானங்களின் தரவுகளையும் கணினி மாதிரிகளையும் கொண்டு பல நாட்களுக்கு முன்பே பாதையைக் கணிக்கிறது. புயல் கனடாவை நெருங்கினால் நோவா ஸ்கோஷியாவின் டார்ட்மத்தில் உள்ள கனடியச் சூறாவளி மையம் அறிக்கை வெளியிடுகிறது. வரைபடத்தில் காணும் கூம்பு வடிவம் புயலின் மையம் செல்லக்கூடிய பாதையை மட்டுமே காட்டுகிறது. மழை எங்கெல்லாம் பெய்யும் என்பதை அது காட்டுவதில்லை. கூம்புக்கு வெளியே இருப்பவர் தமக்கு ஆபத்தில்லை என்று கொள்வது பரவலாக நேரும் தவறான புரிதல்.

2024 ஆகஸ்டில் ஃபுளோரிடாவில் கரை கடந்த டெபி, சில நாட்கள் கழித்து வெறும் எச்சமாகவே கியூபெக் மாகாணத்தை அடைந்தது. ஆயினும் மொன்றியல் நகரில் ஒரே நாளில் 150 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி, ஆயிரக்கணக்கான நிலவறைகளில் நீர் புகுந்தது. பெயர் இழந்த புயலும் காப்பீட்டு நிறுவனங்களுக்கு நூறு கோடி டாலர் கணக்கில் செலவு வைத்தது.

மிசிசாகாவைப் பொறுத்தவரை, அண்மைக்கால அனுபவம் இன்னும் எச்சரிக்கை தருவதாக உள்ளது. டொரொன்டோவின் பியர்சன் விமான நிலையம் உண்மையில் மிசிசாகா எல்லைக்குள் இருக்கிறது. 2013 ஜூலை 8-ஆம் தேதி அங்கே பெய்த 126 மில்லிமீட்டர் மழை, ஹேசலின் போது அங்கு பதிவான ஒருநாள் அளவையே மிஞ்சியது. 2024 ஆகஸ்ட் 17-ஆம் தேதி 128 மில்லிமீட்டர் பெய்து அந்தச் சாதனையையும் முறியடித்தது. இவ்விரண்டும் சூறாவளிகள் அல்ல, இடிமழைகள். பெயர் சூட்டப்படாததால் முன்கூட்டியே பேசப்படாதவை. ஒரு சூறாவளிக்குக் கிடைக்கும் நாட்கணக்கான அவகாசம் இவற்றுக்குக் கிடைப்பதில்லை.

ஆனாலும் 2013-இலும் 2024-இலும் 1954-ஐப் போல உயிர்கள் பறிபோகவில்லை. அதற்கு ஒரு முக்கியக் காரணம், ஹேசலுக்குப் பின்னர் ஆற்றோரங்களில் குடியிருப்புகளைத் தடுத்த விதிகள்தான். டொரொன்டோ பகுதியில் நான்கு நீர்வடிநிலப் பாதுகாப்பு ஆணையங்கள் 1957-இல் இணைக்கப்பட்டு, வெள்ளச் சமவெளி நிலங்களை வாங்கவும் அணைகளைக் கட்டவும் தொடங்கின. மிசிசாகாவின் பெரும்பகுதியில் கிரெடிட் ஆற்றுப் படுகைக்கான ஆணையம் இதே பணியைச் செய்து வருகிறது. டொரொன்டோவின் பள்ளத்தாக்குகள் இன்று பசுமையாக இருப்பதைப் பலரும் இயற்கை மீதான அக்கறை என்று நினைக்கிறார்கள். பெருமளவுக்கு அது அச்சத்தின் விளைவு.

அந்த அச்சம் மங்கி வருகிறதோ என்ற ஐயம் இப்போது எழுந்துள்ளது. வீட்டுப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி, ஒண்டாரியோ அரசு 2022-இல் இந்த ஆணையங்களின் கருத்துக் கூறும் அதிகாரத்தைச் சுருக்கியது. மாகாணத்திலுள்ள 36 ஆணையங்களையும் ஏழாக இணைக்கும் யோசனையை 2025 அக்டோபரில் முன்வைத்தது. அனுமதிகள் விரைவாகும் என்கிறது அரசு. உள்ளூர் ஓடைகளை அறிந்த அமைப்புகள் தொலைவாகிவிடும் என்கின்றனர் எதிர்ப்பாளர்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் வெள்ளச் சமவெளியில் ஒருமுறை கட்டிவிட்ட வீட்டை அகற்றுவது எளிதல்ல என்பதை ரேமோர் டிரைவ் காட்டியிருக்கிறது.

இதில் தமிழர்களுக்கு நேரடித் தொடர்பு உண்டு. புதிதாக வருவோரும் மாணவர்களும் பெருமளவில் தங்குவது வீட்டின் கீழ்த்தளமான பேஸ்மென்ட்களில்தான். வெள்ளம் முதலில் நுழையும் இடமும் அதுவே. ஆறு கரை உடைக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வடிகால் நிரம்பினால் கழிவுநீர் தரைக் குழாய் வழியாகவே மேலே எழும்பிவிடும். கழிவுநீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் வால்வைப் பொருத்துவது வீட்டுக்காரரின் பொறுப்பு. நனைவது பெரும்பாலும் வாடகைக்காரரின் பொருட்கள். வழக்கமான வீட்டுக் காப்பீடு நிலத்தின் மேல் வரும் வெள்ளத்துக்கு ஈடு தருவதில்லை. 2015-க்கு முன்னர் கனடாவில் அத்தகைய காப்பீடு வீடுகளுக்குக் கிடைப்பதே அரிதாக இருந்தது. இப்போதும் அதைத் தனியே கேட்டு வாங்க வேண்டும். கழிவுநீர் பின்னோக்கி வருவதற்கான காப்பும் தனி.

புயல் என்றால் கடற்கரை என்ற நினைவு இச்சமூகத்தில் ஆழமானது. 1964-இல் தனுஷ்கோடியை அழித்த புயலும், 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியும் அந்த நினைவைப் பதித்தவை. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைக் கடந்த டித்வா, அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் மலையக மாவட்டங்களும் இருந்தன. கடலிலிருந்து வெகு தொலைவில், மழையும் மண்சரிவுமே அங்கு கொன்றன.

கனடிய அரசு, 72 மணி நேரத்துக்குத் தேவையான குடிநீர், உணவு, மருந்து, மின்கல விளக்கு ஆகியவற்றை எல்லாக் குடும்பங்களும் தயாராக வைத்திருக்கும்படி அறிவுறுத்துகிறது. 2025 நவம்பர் முதல் வானிலை எச்சரிக்கைகளுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்ற நிறக்குறிகளும் வழங்கப்படுகின்றன. அபாயத்தின் அளவை நிறம் கூறும். கீழ்த்தளத்தில் உறங்கும் குடும்பத்துக்கு நள்ளிரவில் அந்த நிறத்தைத் தெரியப்படுத்துவது யார் என்பது, மிசிசாகாவின் பல வீடுகளில் வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் இதுவரை பேசிக்கொள்ளாத விஷயம்.