இரண்டு கோப்பைகள் போதுமா?

2025 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் ஹால் ஆஃப் ஃபேம் தன் புதிய உறுப்பினர்களை அறிவித்தது. மொத்தம் நான்கே பேர். நியூயார்க் ஜெயன்ட்ஸ் ரசிகர்கள் எதிர்பார்த்திருந்த குவார்ட்டர்பேக் ஈலை மேனிங்கின் பெயர் அதில் இல்லை. இறுதிச் சுற்றின் 15 பேரில் ஒருவராக வந்தவர், கடைசி ஏழு பேருக்குள் நுழையவில்லை. லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பவுலை இரண்டு முறை வென்றவர், இரண்டிலும் ஆட்ட நாயகன். அவருக்கே இடம் இல்லையென்றால் வேறு யாருக்கு என்று ஒரு தரப்பு கேட்டது. நல்ல ஆட்டக்காரர்தான், மாபெரும் ஆட்டக்காரர் அல்ல என்றது மறு தரப்பு.

ஓஹியோ மாநிலத்தின் கேன்டன் நகரில் 1963இல் திறக்கப்பட்ட இந்த மண்டபத்தில் இடம்பெற, ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் விளையாட்டுப் பத்திரிகையாளர்களைக் கொண்ட 50 பேர் குழுவில் 80 சதவீத ஆதரவு தேவை. மைதானத்தில் ஆடியதை மட்டுமே பார்க்க வேண்டும் என்பது விதி. இத்தனை கெஜம், இத்தனை வெற்றி, இத்தனை கோப்பை என்று எந்த அளவுகோலும் எழுதி வைக்கப்படவில்லை. வாதத்துக்கு இடம் இருப்பது அதனால்தான்.

குவார்ட்டர்பேக் விஷயத்தில் இந்த வாதம் இன்னும் சூடாகும். அணி பந்தை முன்னேற்றும்போது ஒவ்வொரு முறையும் அது முதலில் வருவது பெரும்பாலும் அவர் கைக்குத்தான். நான்கு வாய்ப்புகளுக்குள் பத்து கெஜம் நகர்ந்தாக வேண்டும். யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்பதை எதிரணியினர் பாய்ந்து வரும் சில நொடிகளில் அவர் தீர்மானிக்கிறார். அதனால் வெற்றியும் தோல்வியும் அவர் பெயரிலேயே எழுதப்படுகின்றன. எதிரணியைத் தடுக்கும் நேரத்தில் அவர் மைதானத்திலேயே இல்லை என்பது மறந்துபோகிறது.

மேனிங்குக்கு ஆதரவான சான்றுகள் வலுவானவை. 2008 பிப்ரவரி 3 அன்று சூப்பர் பவுலில் அவர் எதிர்கொண்டது, அந்தப் பருவத்தில் ஆடிய 18 ஆட்டங்களையும் வென்றிருந்த நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியை. கடைசி நிமிடங்களில் ஜெயன்ட்ஸ் பின்தங்கியிருந்தது. பிடிக்க வந்தவர்களின் கைகளிலிருந்து திமிறி வெளியே வந்து மேனிங் எறிந்த பந்தை, சக வீரர் டேவிட் டைரீ தன் தலைக்கவசத்தோடு அழுத்திப் பிடித்தார். 35 நொடிகள் மீதமிருக்கையில் பிளாக்சிகோ பர்ரெஸுக்கு எறிந்த பந்து டச்டவுன் ஆனது. 17-14. நான்கு ஆண்டுகள் கழித்து அதே பேட்ரியட்ஸை 21-17 என்று மறுபடியும் வீழ்த்தினார். அந்த 2011 பருவத்தின் பிளே ஆஃப் எனப்படும் நாக் அவுட் ஆட்டங்களில் 9 டச்டவுன் பாஸ்கள். எதிரணி பறித்தது ஒரே ஒரு பந்து.

ஒன்றுக்கு மேற்பட்ட முறை சூப்பர் பவுல் ஆட்ட நாயகன் ஆனவர்கள் வரலாற்றில் மிகச் சிலர். அவர்களில் பார்ட் ஸ்டார், டெர்ரி பிராட்ஷா, ஜோ மொன்டானா மூவரும் கேன்டனில் இருக்கிறார்கள். மேனிங் தொடர்ந்து 210 லீக் ஆட்டங்களைத் தொடங்கியவர். ஓய்வு பெறும்போது பாஸ் கெஜங்களில் லீக் வரலாற்றிலேயே ஏழாவது இடத்தில் இருந்தார்: 57,023.

இனி மறுபக்கம். லீக் ஆட்டங்களில் அவர் தொடங்கியவற்றில் வெற்றி 117, தோல்வியும் 117. டச்டவுன் பாஸ்கள் 366. எதிரணியிடம் பறிகொடுத்தவை 244. லீக்கிலேயே அதிகமாகப் பந்தைப் பறிகொடுத்தவர் என்ற நிலை மூன்று பருவங்களில் அவருக்கு வந்தது. 16 ஆண்டுகளில் ஒருமுறைகூட ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட அணியில் முதல் குவார்ட்டர்பேக்காக அவர் தேர்வாகவில்லை. கோப்பை வென்ற இரண்டு பருவங்களிலும் பிளே ஆஃபில் நான்குக்கு நான்கு வென்றார். மற்ற நான்கு முறையும் முதல் ஆட்டத்திலேயே வெளியேறினார்.

அந்த இரண்டு கோப்பைகளும் அவர் ஒருவருடைய உழைப்பில் வந்தவை அல்ல. 2007 பருவத்தில் 589 புள்ளிகள் குவித்துச் சாதனை படைத்திருந்த பேட்ரியட்ஸை ஜெயன்ட்ஸின் தடுப்பு வீரர்கள் இறுதியாட்டத்தில் 14 புள்ளிகளோடு நிறுத்தினார்கள். பேட்ரியட்ஸ் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியை ஐந்து முறை தரையில் சாய்த்தார்கள். அந்தத் தடுப்பு இல்லாமல் கடைசி நிமிட வீரத்துக்கு வாய்ப்பே அமைந்திருக்காது.

முந்தைய தேர்வுகள் வழிகாட்டுமா? ஓரளவுக்குத்தான். டச்டவுன்களைவிட (173) பறிகொடுத்த பாஸ்கள் (220) அதிகமுள்ள ஜோ நேமத் 1985இலேயே உள்ளே போனார். ஆனால் ஒரே பருவத்தில் 4,000 கெஜம் கடந்த முதல் ஆள் அவர். மூன்றாவது சூப்பர் பவுலில் அவர் பெற்ற வெற்றி, இளைய லீக்கான ஏஎஃப்எல்லும் மூத்த லீக்குக்குச் சமமானதே என்று நாட்டுக்குக் காட்டியது. பாஸ் பிடிக்க ஓடுபவரைத் தடுப்பவர்கள் இடித்து மறிப்பதை 1978 விதிமாற்றம் கட்டுப்படுத்துவதற்கு முந்தைய காலம் அது. அவருடைய எண்களை இன்றைய எண்களோடு நேரடியாக ஒப்பிட முடியாது. டேன் மரினோவுக்குக் கோப்பையே இல்லை. ஆனால் 1984இல் 5,084 கெஜம், 48 டச்டவுன் என்று அதுவரை யாரும் காணாத உயரத்தைத் தொட்டவர், 2005இல் தேர்வானார். மாறாக, ஜிம் பிளங்கெட் இரண்டு சூப்பர் பவுல் வென்றவர், ஒன்றில் ஆட்ட நாயகன். லீக் ஆட்டங்களில் 72 வெற்றி, 72 தோல்வி. 1986இல் கடைசியாக ஆடிய அவருக்கு 2025 வரை கதவு திறக்கவில்லை.

ஒரு காலகட்டத்தில் தன் இடத்தில் தன்னைவிடச் சிறந்தவர் இல்லை என்று நிறுவியவர்களுக்கே தேர்வாளர்கள் தயங்காமல் கை தூக்கியிருக்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. கோப்பை அந்தச் சான்றுக்கு வலு சேர்க்கும். அதற்கு மாற்று ஆகாது. மேனிங் 2004இல் எந்தக் குவார்ட்டர்பேக் பிலிப் ரிவர்ஸுக்குப் பரிமாற்றமாக நியூயார்க் வந்தாரோ, அந்த ரிவர்ஸ் 60,000 கெஜங்களையும் 400 டச்டவுன்களையும் தாண்டியும் சூப்பர் பவுலைத் தொட்டதில்லை. கோப்பையே அளவுகோல் என்றால் ரிவர்ஸ் எந்நாளும் வெளியேதான். ஆண்டுக்கு ஆண்டு ஆடிய ஆட்டம் அளவுகோல் என்றால் அவர் மேனிங்குக்கு முன்னால் நிற்கிறார்.

ஆகவே 2025இல் தேர்வாளர்கள் எடுத்த முடிவு நியாயமானதே. எட்டு பிளே ஆஃப் ஆட்டங்களில் மேனிங் காட்டிய உறுதியை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் மற்ற இருநூற்றுச் சொச்சம் ஆட்டங்களும் அவர் ஆடியவைதான். மண்டபத்துக்காகக் காத்திருப்போர் வரிசையிலும் அவருக்கு முன்னால் இன்னொருவர் நிற்கிறார். சின்சினாட்டி பெங்கால்ஸின் கென் ஆண்டர்சன் நான்கு பருவங்களில் லீக்கின் பாஸர் ரேட்டிங்கில் முதலிடம் பிடித்தவர். 1981இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர். 1982 ஜனவரி சூப்பர் பவுலில் 300 கெஜம் எறிந்தும் 26-21 என்று தோற்றார். 1986இல் ஓய்வு பெற்ற அவருக்கும் 2025 வரை இடமில்லை. நல்ல குவார்ட்டர்பேக்குகளுக்காக மண்டபத்தின் கதவைச் சற்றே அகலத் திறப்பதென்றால், தேர்வாளர்கள் முதலில் அழைக்க வேண்டியது அவரைத்தான்.