ஜப்பான் கருவியும் நம் வீட்டுக் கணினியும்

எங்கள் பக்கத்தில் ஓடும் வேன்களில் பல, ஜப்பானில் ஓடி முடித்துவிட்டு வந்தவை. சாவியைத் திருப்பியதும் சிலவற்றில் ஒரு பெண் குரல் பணிவாக ஏதோ சொல்லும். அது ஸலாம் சொல்கிறது என்று சின்னப் பிள்ளைகள் நினைப்பதுண்டு. உண்மையில் "ஈ.டீ.சி. அட்டை செருகப்படவில்லை" என்பதுதான் பெரும்பாலும் அந்த அறிவிப்பு. ஜப்பானின் அதிவேகப் பாதைகளில் கட்டணம் செலுத்தும் அட்டை அது. இரத்தினபுரி வீதியில் அதற்கு வேலை இல்லை. வேனும் பாட்டுக்கு ஓடுகிறது. ஆனால் ஜப்பானியர் தமக்கென்றே செய்த கையடக்கக் கருவியொன்றை இங்குள்ள ஆங்கிலக் கணினியோடு சேர்த்துப் பாவிக்க நினைத்தால், மொழிப் பிரச்சினை உடனே முன்னால் வந்து நிற்கும்.

ஜப்பானில் வேலை செய்த என் சாச்சா கொண்டுவந்த ஷார்ப் ஸாரஸ் அப்படிப்பட்டது. எஸ்.எல். சி860 என்ற அந்த மாதிரி 2003இல் வெளிவந்தது. உள்ளங்கையில் அடங்கும், மடிக்கணினி போலத் திறந்து மூடலாம். 640க்கு 480 புள்ளிகள் கொண்ட திரை, பொத்தான் பொத்தானாய் விசைப்பலகை, உள்ளே லினக்ஸ். இந்த வரிசையை ஷார்ப் ஜப்பானில் மட்டுமே விற்றது. அதனால் கையேடு, கூட வந்த இறுவட்டு எல்லாமே ஜப்பானிய மொழியில்தான் இருந்தன. வெளிநாடுகளில் இதை இறக்குமதி செய்து, ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாவித்தவர்களும் இருந்தார்கள்.

சாச்சா அதில் தினமும் கற்ற ஜப்பானியச் சொற்களைப் பட்டியலாக எழுதி வைத்திருந்தார். ஜப்பானுக்குப் போவதற்காக என் நானா இப்போது மொழி வகுப்புக்குப் போகிறார். தெரணியகலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வரும் என் வகுப்புத் தோழியின் அண்ணனும் அதே வகுப்புத்தான். நம்மவர் ஒருவர் தன் தேவைக்காக எழுதிய அந்தப் பட்டியல் கடையில் விலைக்குக் கிடைக்காது. அதை வெளியே எடுக்கும் வேலை என்னிடம் வந்தது.

முதலில் மின்சாரம். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ற்று, இங்கே 230. மின்னேற்றியின் பின்புறத்தில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் செருகியை மட்டும் மாற்றினால் போதும். வெறும் 100 என்றிருந்தால் அதை இங்கே நேரடியாகச் செருகவே கூடாது. தட்டைக் கால் செருகிக்குக் கடையில் விற்கும் சிறு மாற்றி, கால்களின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ற்றளவை மாற்றாது. ஜப்பானிலிருந்து வரும் சோற்றுப் பானைக்கும் இதே கதைதான்.

அடுத்தது இணைப்பு. ஜப்பானிய விண்டோஸுக்கென்று செய்த இறுவட்டோடு நான் மல்லுக்கட்டவில்லை. கருவியில் எஸ்.டி. அட்டை போடும் இடம் இருந்தது. சிறிய கொள்ளளவுள்ள பழைய அட்டையொன்றில் கோப்பைப் பிரதி செய்து கணினியில் போட்டேன். கோப்பின் பெயர் அழகான ஜப்பானிய எழுத்தில் தெரிந்தது. திறந்தால் உள்ளே குப்பை! காற்புள்ளி மாதிரி ஒரு குறி வரிக்கு வரி சிதறிக் கிடந்தது. நடுவே சாய்ந்த 'எஃப்' போன்ற ஒன்று. ஆங்கில எழுத்தில் சாச்சா எழுதியிருந்த தமிழ்க் கருத்துகள் மட்டும் அப்படியே தப்பியிருந்தன.

காரணம் இதுதான். கணினிக்கு எழுத்துத் தெரியாது. இலக்கம் மட்டுமே தெரியும். எந்த இலக்கம் எந்த எழுத்து என்று சொல்ல ஓர் அட்டவணை வேண்டும். உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் ஆஸ்கி, யுனிகோட் என்று ஒரு புள்ளிக்காகப் பாடமாக்குகிறோமே, அதுதான். ஆஸ்கியில் பெரிய 'ஏ' 65. ஆங்கில எழுத்துகள் 128க்குள் முடிந்துவிடுகின்றன. அநேகமாக எல்லா அட்டவணைகளும் அந்தப் பகுதியை மாற்றாமல் வைத்திருப்பதால் ஆங்கில எழுத்து எங்கும் தப்பும். ஜப்பானியருக்கு 128 எந்த மூலைக்கு? அவர்களுடைய சித்திர எழுத்துகளுக்குக் கஞ்ஜி என்று பெயர். (நோன்புக் கஞ்சி அல்ல!) 1978இல் அவர்கள் வகுத்த தரத்திலேயே 6,000க்கு மேற்பட்ட எழுத்துகள் இருந்தன. அதனால் ஷிஃப்ட் ஜிஸ் என்ற முறையில் ஓர் எழுத்துக்கு இரண்டு இலக்கங்களைச் சேர்த்து வைத்தார்கள். அவர்களுடைய 'அ'வுக்கு 130, 160. ஆங்கில விண்டோஸோ இரண்டையும் தனித்தனியாகப் படிக்கிறது. அதன் அட்டவணையில் 130 என்பது காற்புள்ளி போன்ற குறி; 160 வெற்றிடம். 131தான் அந்தச் சாய்ந்த 'எஃப்'. கோப்பின் பெயர் தப்பியதும் அதனால்தான்: பெயரை அட்டை யுனிகோடில் வைத்திருந்தது, உள்ளடக்கம் ஷிஃப்ட் ஜிஸில் இருந்தது.

இந்தக் குளறுபடிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் மொஜிபாகே, அதாவது எழுத்து உருமாறிப் போதல். எழுத்து மாறித் தெரிகிறதே தவிர உள்ளே இருக்கும் இலக்கங்கள் மாறவில்லை. லிப்ரே ஆபிஸில் கோப்பைத் திறக்கும்போது எழுத்து அட்டவணையாக ஷிஃப்ட் ஜிஸைத் தெரிவு செய்தேன். பட்டியல் முழுதாக வந்தது. அதை யுனிகோடில் சேமித்து இருவருக்கும் அனுப்பினேன்.

ஆகவே இப்படியான கோப்பைக் கண்டால் பழுதென்று அழித்துவிடாதீர்கள். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அதற்குரிய எழுத்துரு கணினியில் இல்லை, நிறுவினால் சரி. விசித்திரக் குறிகள் தெரிந்தால் அட்டவணை பிழை. வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஆங்கில அட்டவணையில் சேமிக்கும்போது அதில் இல்லாத எழுத்துகளுக்கெல்லாம் கணினி 63 என்ற ஒரே இலக்கத்தை, அதாவது கேள்விக்குறியை, எழுதிவிடுகிறது. பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. சாச்சாவின் இன்னொரு பட்டியலை முன்பொரு கொமியூனிகேஷன் கடையில் பிரதி எடுத்திருந்தார்கள். அதில் மிஞ்சியவை கேள்விக்குறிகள் மட்டுமே.

இது ஜப்பான்காரர் கதை மட்டுமல்ல. பாமினியில் தட்டச்சுச் செய்த கட்டுரையைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பிப் பாருங்கள். 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று போய்ச் சேரும். பாமினி தனக்கென்று அட்டவணை வைக்கவில்லை. ஆங்கில எழுத்தின் இலக்கத்துக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்திவிட்டது. போர்வை இல்லாத இடத்தில் உள்ளிருப்பது வெளியே தெரிகிறது. சிங்களத்தில் எஃப்.எம். எழுத்துருக்களும் இப்படித்தான். 1991இல் வந்த முதல் யுனிகோடிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. அதில் 'அ'வுக்கு 2949. அந்த இலக்கம் வேறெந்த எழுத்துக்கும் இல்லை. 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலங்கைத் தரமும் வந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. மௌலூத் அழைப்பிதழ், பள்ளிவாசல் அறிவித்தல், கல்லூரி மலர் என்று எத்தனையோ இன்னும் பாமினியில் கிடக்கின்றன. அவற்றில் 'கேகாலை' என்று தமிழில் தேடினால் ஒரு வரியும் அகப்படாது.

ஜப்பானியக் கோப்பை மீட்டதைவிட இவற்றை மீட்பது சுலபம். பாமினியை யுனிகோடாக்கும் இலவச மாற்றிகள் உண்டு. மாற்றிய பின் அடைப்புக்குறிகளையும், இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் கண்ணால் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆங்கிலச் சொல்லையும் தமிழென்று எண்ணி மாற்றிவிடும்.

இந்தக் கட்டுரையை நான் யுனிகோடில்தான் தட்டச்சுச் செய்தேன். பக்கம் அமைக்கும் பழைய மென்பொருள் யுனிகோட் தமிழை ஏற்காதாம்; அச்சகத்தில் பாமினியில் கேட்கிறார்கள். மாற்றிக் கொடுக்கிறேன். யுனிகோட் பிரதியை நூலகத்துக்குக் கொடுப்பதாகப் பொறுப்பாசிரியையிடம் சொல்லியிருக்கிறேன்.