காலடிப்பேட்டையில் யாருடைய காலடி?

மெட்ரோ ரயிலில் திருவொற்றியூருக்குப் போகும்போது டோல்கேட்டை அடுத்து காலடிப்பேட்டை வரும். பெயரைக் கேட்டால் ஏதோ மகான் கால் பதித்த ஊர் மாதிரி இருக்கிறது, இல்லையா? மகானும் இல்லை, காலடியும் இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராக இருந்த ஜோசப் கொலெட்டின் பெயர்தான் அது! கப்பலில் ஏற்றத் துணி வேண்டுமே. அதற்காக நெசவாளர்களை இங்கே குடியமர்த்தினார். ஊருக்குக் 'கொலெட் பேட்டை' என்று பெயர் விழுந்தது.

அது காலடி ஆனதற்கு நம் வாய்தான் காரணம். ஆங்கிலக்காரரின் குறுகிய 'ஒ' நம் காதில் 'ஆ'வாக விழும். டாக்டர், ஆபீஸ், காலேஜ் எல்லாம் அப்படி வந்தவைதான். கொலெட்டும் 'காலெட்' ஆகிவிட்டார். அடுத்து, வல்லின மெய்யில் சொல்லை முடிப்பது தமிழுக்குப் பழக்கமில்லை. பின்னால் ஓர் உயிரொலியை ஒட்டிவிடுவோம். கேட் என்பதைப் பாட்டி 'கேட்டு' என்பார், கவனித்திருப்பீர்கள்.

இப்போது தொண்டையில் விரலை வைத்து 'காட்டு' என்று சொல்லுங்கள். நடுவில் அதிர்வு ஒரு கணம் நின்று மறுபடி வரும். 'காடு' என்றால் நிற்காது. இரண்டு உயிரொலிக்கு நடுவே தனி 'ட' மாட்டிக்கொண்டால் குரல்நாண்கள் ஓயாமல் அதிர்ந்து அதை மென்மையாக்கிவிடும். காலெட்டின் முரட்டு 'ட்' அப்படித்தான் 'டி' ஆனது. அர்த்தம் தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்வது மூளைக்குப் பிடித்த வேலை. பக்கத்திலேயே 'காலடி' தயாராக இருந்தது!

மகான் கதை பொய் என்று எப்படிச் சொல்கிறோம்? பழைய ஆவணங்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்க்க வேண்டும். கம்பெனிப் பதிவுகளில் இருப்பது கொலெட்டின் பெயர்தான். கேட்க இனிமையாக இருப்பது சாட்சி ஆகாது.

வெள்ளைக்காரர் வாயும் சும்மா இருக்கவில்லை. 1708இல் கம்பெனிக்குக் கிடைத்த ஐந்து ஊர்களில் திருவொற்றியூரும் ஒன்று. அதை 'ட்ரிவட்டூர்' என்கிற மாதிரி எழுதிவைத்தார்கள். ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத உயிரொலி நசுங்கிப்போகும். அதனால் 'திரு' சுருங்கி 'ட்ரி' ஆனது. திருவல்லிக்கேணி 'ட்ரிப்ளிகேன்' ஆனதும் இதே கதைதான்.

2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டது. சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 'ழ'வுக்கும் 'ற'வுக்கும் தனி எழுத்தே இல்லாத மொழியில் எழும்பூரையும் திருவொற்றியூரையும் எழுதிப் பாருங்கள், சிரமம் புரியும்.